எழுதப்பட்ட உரையாடலும் எழுதப்படாத உரையாடலும்: ஹைசன்பர்க்கின் 'பகுதியும் முழுமையும்' – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மானிய இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட 'பகுதியும் முழுமையும்' என்னும் நூல், இயற்பியல், மெய்யியல், அரசியல் ஆகியன குறித்து அறிஞர்களோடு அவர் நிகழ்த்திய நெடிய உரையாடல்களால் ஆனது. நினைவிலிருந்து மீட்டெழுதப்பட்ட இவ்வுரையாடல்களைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகிய உறுப்புகளின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அறிவியல் உரையாடல்களில் எதிர்த்தரப்புக்கு முழு இடம் தரும் இந்நூல், 1941இல் நீல்ஸ் போருடன் நிகழ்ந்த சந்திப்பில் உரையாடல் வடிவத்தைக் கைவிடுகிறது என்பது இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உரையாடல் வடிவம், நினைவு, கூற்று, கேட்போர், எச்சம், அணு ஆராய்ச்சி.

முன்னுரை

அறிஞர் ஒருவரின் கருத்தை அவருடைய கட்டுரை தருவதைக் காட்டிலும் அவர் பிறரோடு நிகழ்த்திய உரையாடல் தெளிவாகத் தரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கட்டுரை முடிந்த முடிவைத் தருகிறது. உரையாடலோ அம்முடிவை நோக்கிச் சென்ற தடுமாற்றங்களையும் காட்டுகிறது. இந்நம்பிக்கையில் உண்மை உண்டு. எனினும் வாசகர் கையில் கிடைப்பது உரையாடல் அன்று. உரையாடலைக் குறித்து எழுதப்பட்ட பனுவலே. எழுதியவர் யார், எப்போது எழுதினார், மற்றவர் அதனைப் படித்து ஒப்பினாரா என்னும் வினாக்கள் எழாதவரை அப்பனுவல் சான்றாகத் தோன்றும். அவை எழுந்தபின் அது திறனாய்வுக்குரிய ஆக்கமாகிவிடும்.

இவ்வேறுபாட்டை ஆராய ஹைசன்பர்க்கின் நூல் மிகவும் பொருத்தமானது. 1919 முதல் 1965 வரையிலான காலத்தை இருபது இயல்களில் விரிக்கும் இந்நூல், 1971இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அறிவியல் உரையாடலிலிருந்து பிறக்கிறது என்பதே நூலின் அடிப்படைக் கருத்து. பல்லாண்டுகளுக்குமுன் பேசியவற்றைச் சொல்லுக்குச் சொல் மீட்க இயலாது என்பதை ஹைசன்பர்க் முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் சொற்பொழிவுகளை மீட்டெழுதிய முறையைத் தமக்கு முன்மாதிரியாகக் கொள்கிறார். ஆகவே சொற்கள் துல்லியமானவையல்ல என்று அவரைக் குறைகூற இடமில்லை. யாருக்குச் சொற்கள் தரப்பட்டுள்ளன, யாருக்குத் தரப்படவில்லை என்பதே கேட்கத்தக்க வினா.

அளவுகோல்

தொல்காப்பியம் செய்யுளியலில் எண்ணப்படும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகியன பேச்சு நிகழும் சூழலைச் சார்ந்தவை. அகப்பாடலில் ஒரு கூற்றின் பொருள் அதன் சொற்களோடு முடிந்துவிடுவதில்லை. தோழி கேட்கத் தலைவி கூறியதும், தலைவன் சிறைப்புறத்தானாகக் கூறியதும் வேறுவேறு பொருள் தரும். சொல்லாது விடப்பட்டு, சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்ள வேண்டியது எச்சம். இவ்விடத்து இவர்க்கு இக்கூற்று உரியது என உணரவைப்பது முன்னம். செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இவ்வுறுப்புகளை உரைநடை நூலொன்றுக்கு அப்படியே பொருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பேச்சைப் பேச்சின் சூழலோடு சேர்த்தே படிக்கவேண்டும் என்னும் அவற்றின் பார்வையே இங்குக் கொள்ளப்படுகிறது.

தோற்கும் இடத்தில் உயிர்பெறும் உரையாடல்

நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று 1926இல் பெர்லினில் ஐன்ஸ்டைனோடு நிகழ்ந்த உரையாடல். ஹைசன்பர்க்கின் சொற்பொழிவைக் கேட்ட ஐன்ஸ்டைன் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறார். அணுவுக்குள் எலக்ட்ரானின் சுற்றுப்பாதையை எவரும் காண இயலாது. எனவே காணத்தக்க அளவுகளை மட்டுமே கோட்பாட்டில் சேர்க்கவேண்டும் என்பது இளைஞரின் வாதம். எதனைக் காண முடியும் என்பதையே கோட்பாடுதான் தீர்மானிக்கிறது என்பது மூத்தவரின் மறுப்பு. சார்பியலில் ஐன்ஸ்டைன் கையாண்ட முறையும் இதுவே அன்றோ என்று ஹைசன்பர்க் மடக்க முயல்கிறார். தாம் அவ்வாறு செய்திருக்கலாம், ஆயினும் அது பொருந்தாது என்ற பொருளில் ஐன்ஸ்டைன் விடையளிக்கிறார்.

இவ்வுரையாடலில் ஹைசன்பர்க் வெல்லவில்லை. மேலும், 1927இல் கோபன்ஹேகனில் முகில் அறையில் எலக்ட்ரான் விட்டுச்செல்லும் தடத்தை எவ்வாறு விளக்குவது எனத் திகைத்திருந்தபோது ஐன்ஸ்டைனின் அம்மறுப்பே தமக்கு வழிகாட்டியது என்றும், நிச்சயமின்மைக் கோட்பாட்டை நோக்கிய பாதை அதிலிருந்தே திறந்தது என்றும் அவர் எழுதுகிறார். பேசும்போது ஏற்கப்படாத கூற்று, கேட்டவர் உள்ளத்தில் தங்கிப் பின்னர்ப் பயன் தருகிறது. கேட்போர் என்னும் உறுப்பு இங்கு முழுமையாகத் தொழிற்படுகிறது எனலாம்.

லைப்சிக்கில் மெய்யியலாளர் கிரேட்டே ஹெர்மனோடு நிகழ்ந்த உரையாடலும் இத்தன்மையதே. காரணகாரியத் தொடர்பு அனுபவத்திலிருந்து பெறப்படுவதன்று, அனுபவம் அமைவதற்கே முன்நிபந்தனை என்னும் காண்ட்டின் நிலைப்பாட்டை முன்வைத்து, குவாண்டம் இயக்கவியல் அதனை எவ்வாறு மறுக்க இயலும் என்று ஹெர்மன் வினவுகிறார். ஓர் அணு எப்போது சிதையும் என்பதற்குக் காரணம் தெரியவில்லையெனில், தேடலைத் தொடர்வதன்றோ முறை என்பது அவர் கேள்வி. ஹைசன்பர்க்கும் வைட்சேக்கரும் விடை கூற முற்பட்டாலும், அவ்வினாவின் வலிமையை நூல் குறைத்துக் காட்டவில்லை. எதிர்த்தரப்பைப் படைக்கும் எழுத்தாளர் அதற்குத் தம்முடைய வாதத்துக்கு நிகரான வலிமையைத் தருகிறாரா என்பதே மீட்டெழுதப்பட்ட உரையாடலின் நேர்மைக்கு உரைகல். அறிவியல், மெய்யியல் இயல்களில் இந்நூல் அவ்வுரைகல்லில் நிற்கிறது.

அரசியல் இயல்கள்

1933ஆம் ஆண்டைப் பற்றிய இயலில் நாஜி ஆட்சியின் தொடக்கம் பேசப்படுகிறது. யூதப் பேராசிரியர்கள் பதவிநீக்கப்படும் சூழலில், பதவி விலகுவதா என்ற வினாவோடு ஹைசன்பர்க் மாக்ஸ் பிளாங்கிடம் செல்கிறார். விலகலால் பேரழிவைத் தடுக்க இயலாது; அழிவுக்குப்பின் வரும் காலத்துக்காக இளைஞர்களைக் காத்து நிற்பதே செய்யத்தக்கது என்பது பிளாங்கின் அறிவுரையாக அமைகிறது. அதே இயலில் நாஜி இயக்க மாணவர் ஒருவரும் ஹைசன்பர்க்கோடு விவாதிக்கிறார். 1939ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவில் சந்திக்கும் என்றிகோ ஃபெர்மி, அங்கேயே தங்கிவிடுமாறு வற்புறுத்துகிறார். தம்மை நம்பியுள்ள இளைஞர்களைக் கைவிட இயலாது என ஹைசன்பர்க் மறுக்கிறார்.

இப்பகுதிகளில் எதிர்க்கூற்றுகள் இல்லாமலில்லை. ஃபெர்மியின் வாதம் ஓரளவு வலிமையோடே தரப்பட்டுள்ளது. ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. அறிவியல் இயல்களில் மற்றவரின் சொல் ஹைசன்பர்க்கை மாற்றுகிறது. அரசியல் இயல்களிலோ அவர் இறுதியில் எடுத்த முடிவுக்கே எல்லா உரையாடல்களும் வந்து சேர்கின்றன. பிளாங்க் அம்முடிவுக்கு அறநெறி வலுவூட்டுகிறார், ஃபெர்மி அதன் விலையை நினைவூட்டுகிறார், முடிவு மாறுவதில்லை. இங்கு முன்னம் என்னும் உறுப்பு உதவுகிறது. இக்கூற்றுகள் 1933இலும் 1939இலும் அவரவர்க்கு உரியவையாகக் காட்டப்பட்டாலும், 1969இல் தம் வாழ்வுக்கு விளக்கம் தர முற்படும் ஒருவரின் சூழலுக்கும் அவை பெரிதும் உரியவையாக உள்ளன. காலம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது: பேசிய காலம் ஒன்று, எழுதிய காலம் மற்றொன்று.

எழுதப்படாத உரையாடல்

1941 செப்டம்பரில், ஜெர்மனி கைப்பற்றியிருந்த டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு ஹைசன்பர்க் செல்கிறார். தம் ஆசானும் நண்பருமான நீல்ஸ் போரை அங்குத் தனியே சந்திக்கிறார். அணு ஆராய்ச்சியின் வரலாற்றில் இவ்வளவு விவாதிக்கப்பட்ட சந்திப்பு வேறொன்று இருப்பது அரிது. ஐன்ஸ்டைனின் வினாக்களையும் பவுலியின் அங்கதத்தையும் பக்கம் பக்கமாகப் பேச்சாகவே மீட்டுத் தரும் இந்நூல், இச்சந்திப்பைச் சுருங்கிய அயற்கூற்றில் கடந்து செல்கிறது. அணுகுண்டு கொள்கையளவில் இயலும், ஆனால் அதற்குப் பேரளவிலான தொழில்நுட்ப முயற்சி தேவை என்று தாம் குறிப்பாகத் தெரிவித்ததாகவும், முதற்பகுதியைக் கேட்டு அதிர்ந்த நீல்ஸ் போர் எஞ்சியதை உள்வாங்கவில்லை என்றும் ஹைசன்பர்க் எழுதுகிறார். உலகப்போருக்குப்பின் 1947இல் இருவரும் இதுபற்றிப் பேசியபோது நினைவுகள் ஒத்துப்போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார்.

உரையாடல்களால் ஆன நூல், தன் முதன்மையான உரையாடலில் எதிரிலிருப்பவருக்கு ஒரு நேர்க்கூற்றையும் தரவில்லை. நீல்ஸ் போர் இங்குப் பேசுபவரல்லர். கேட்டும் கேளாதவராக அமைக்கப்பட்ட கேட்போர். புரிதல் தவறியதற்கான பொறுப்பும் நுட்பமாகக் கேட்டவர் மீதே சாய்கிறது. நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை, 1962இலேயே மறைந்துவிட்டார்.

இந்த எச்சத்தை நிரப்பும் ஆவணங்கள் பின்னர் வெளிவந்தன. 1956இல் ராபர்ட் யுங்க் ஜெர்மன் மொழியில் எழுதிய அணு விஞ்ஞானிகள் பற்றிய நூலின் டேனிஷ் மொழிபெயர்ப்பில், 1941 சந்திப்பை விளக்கும் ஹைசன்பர்க்கின் கடிதப் பகுதி இடம்பெற்றது. அதனைப் படித்த நீல்ஸ் போர் அவருக்கு மறுமொழி எழுதத் தொடங்கினார். பலமுறை வரைவு செய்தும் அனுப்பவில்லை. மைக்கேல் ஃபிரேயனின் 'கோபன்ஹேகன்' நாடகம் 1998இல் அரங்கேறிப் பரவலான விவாதத்தைக் கிளப்பிய நிலையில், நீல்ஸ் போர் ஆவணக்காப்பகம் 2002 பிப்ரவரியில் இவ்வரைவுகளை வெளியிட்டது. ஜெர்மனி வெல்லும் என்ற உறுதியோடு ஹைசன்பர்க் பேசினார் என்பதும், அவருடைய தலைமையில் ஜெர்மனியில் அணு ஆயுதங்களை உருவாக்க எல்லாம் செய்யப்படுகின்றன என்ற எண்ணமே தமக்கு ஏற்பட்டது என்பதும் அவற்றின் சாரம். தாம் அதிர்ந்து பேசாதிருந்ததற்குக் காரணம் புரியாமை அன்று. புரிந்தமையே என்பது நீல்ஸ் போரின் தரப்பு.

எனினும் இவ்வரைவுகளையும் இறுதித் தீர்ப்பாகக் கொள்வது முறையன்று. அவையும் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னான நினைவே. ஆனால் இரு நினைவுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகும்: ஒரே களனில் நிகழ்ந்த பேச்சு இருவருக்கு இருவேறு பொருள் தந்திருக்கிறது. கைப்பற்றப்பட்ட நாட்டின் குடிமகனுக்கும் கைப்பற்றிய நாட்டின் அறிஞருக்கும் களன் ஒன்றாக இருக்க இயலாது. இச்சமமின்மையை ஹைசன்பர்க்கின் நூல் போதிய அளவு உணர்த்தவில்லை.

பதிவும் மீட்டெழுத்தும்

நினைவுக்கு மாற்றாகப் பதிவு இருந்தால் சிக்கல் தீருமா என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே விடை உண்டு. 1945இல் ஜெர்மானிய அறிவியலாளர் பதின்மர் இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் இல்லத்தில் காவலில் வைக்கப்பட்டனர். அவர்தம் பேச்சு மறைவாகப் பதிவுசெய்யப்பட்டது. 1992இல் வெளியான அந்த எழுத்துப்படிகளில், ஆகஸ்ட் 6 மாலை ஹிரோஷிமாச் செய்தி வந்தபோது எழுந்த நம்பாமையும் தோல்வியுணர்வும் குழப்பமும் பதிவாகியுள்ளன. கொள்கையளவில் தாங்கள் விரும்பாததால்தான் குண்டைச் செய்யவில்லை என்ற வைட்சேக்கரின் கூற்றை ஓட்டோ ஹான் ஏற்கவில்லை. ஹைசன்பர்க்கின் நூலிலோ அந்நாட்கள் ரோஜாத் தோட்டத்தில் வைட்சேக்கரோடு உலவியவாறு கண்டுபிடிப்பாளரின் பொறுப்பு, ஆக்குநரின் பொறுப்பு ஆகியவற்றைப் பகுத்தாயும் அமைதியான உரையாடலாக விரிகின்றன.

ஒன்று மெய், மற்றது பொய் என்று இவற்றைப் பிரிப்பது எளிது. ஆனால் அது பொருந்தாது. எழுத்துப்படிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டவை, பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே எஞ்சியவை. ஆயினும் தாம் கேட்கப்படுவதை அறியாதவர் பேச்சுக்கும், வருங்கால வாசகரை முன்னிறுத்தி எழுதியவர் பேச்சுக்கும் கேட்போர் வேறு. ஆதலின் பயனும் வேறு.

இவற்றுக்கு இடைப்பட்ட ஒரு வகையை 1930 ஜூலை 14 அன்று காப்பூத்தில் ஐன்ஸ்டைனும் இரவீந்திரநாத் தாகூரும் நிகழ்த்திய உரையாடலில் காணலாம். உடனிருந்தோர் குறிப்பெடுத்தனர், இருவரும் வாழ்ந்த காலத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் அது அச்சேறியது, தாகூர் அதனைத் தம் நூலில் பின்னிணைப்பாகச் சேர்த்தார். உண்மை மனிதரைச் சாராதது என்பது ஐன்ஸ்டைனின் தரப்பு; மனித உள்ளத்துக்குப் புறம்பான உண்மை இல்லை என்பது தாகூரின் தரப்பு. உடன்பாடு எட்டப்படவில்லை. அவ்வுடன்பாடின்மை அழிக்கப்படாமல் எஞ்சியிருப்பதே அப்பனுவலின் மதிப்பு.

முடிவுரை

'பகுதியும் முழுமையும்' அறிவியல் சிந்தனை எவ்வாறு பிறக்கிறது என்பதைக் காட்டும் அரிய நூல். அதன் அறிவியல், மெய்யியல் உரையாடல்களில் மற்றவர் குரல் ஆசிரியரை மாற்றும் ஆற்றலோடு ஒலிக்கிறது. அரசியல் இயல்களில் அவ்வாற்றல் தளர்கிறது. 1941 சந்திப்பில் மற்றவர் குரல் அறவே மறைகிறது. நூல் பேசும் இடங்களோடு, பேச்சைச் சுருக்கும் இடத்தையும் சேர்த்துப் படிக்கும்போதே அதன் முழுப்பொருள் கிட்டும்.

நேர்காணல்களையும் நினைவுக்குறிப்புகளையும் முதன்மைச் சான்றாகக் கொள்ளும் இன்றைய தமிழாய்வுக்கும் இது பொருந்தும். பின்னிணைப்பாகத் தரப்படும் நேர்காணல் எங்கு, எப்போது நிகழ்ந்தது, பதிவிலிருந்து எழுதப்பட்டதா, நினைவிலிருந்து எழுதப்பட்டதா, கேட்கப்பட்ட வினாக்கள் முழுமையாகத் தரப்பட்டனவா, பேசியவர் அதனைப் படித்து ஒப்பினாரா என்பன குறிக்கப்படாதவரை, அதிலிருந்து எடுக்கப்படும் மேற்கோள் யாருடைய கூற்று என்று உறுதிசெய்ய இயலாது. கூற்றை ஆராய்வோர் கேட்போரையும் ஆராயவேண்டும் என்பதே ஹைசன்பர்க்கின் நூல் தன் நிறையாலும் குறையாலும் உணர்த்தும் பாடமாகும்.