டிக்கியும் கதவும்

அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குள் ஒரு சனிக்கிழமை முற்பகலில் நுழைகிறவர், கதவுகள் அகலத் திறந்தும் அவற்றின் உட்புறப் பலகைகள் கழற்றப்பட்டும் ஏதோ சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகளைப்போல ஓரமாக நிற்கும் புதுக் கார்களைக் காணாமல் போக முடியாது. வாங்கி இரண்டு வாரம்கூட ஆகாத கார். இருக்கைகளின் மேலுள்ள பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அதற்குள் அதன் ஸ்பீக்கர்கள் நான்கும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். காகிதக் கூம்பு, பிளாஸ்டிக் சட்டம், பின்புறத்தில் மசால்வடை அளவுகூட இல்லாத காந்தம். பத்து லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய வாகனத்தில் சங்கீதத்துக்கென்று உற்பத்தியாளர் ஒதுக்கிய பங்கு இவ்வளவுதானா என்று உரிமையாளருக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்த வழக்கத்தைப் புதுப்பணத்தின் ஆடம்பரம் என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒரு சரித்திர உண்மையை மறந்துவிடுகிறார்கள். காருக்குள் இசை குடியேறியதே பெரும்பாலும் வெளியார் கைவேலையால்தான். 1930-ஆம் ஆண்டில் சிகாகோவின் கால்வின் கம்பெனி ‘மோட்டோரோலா’ என்ற பெயர் சூட்டி விற்ற ரேடியோ, கார்த் தொழிற்சாலை பொருத்திக் கொடுத்த உறுப்பன்று. காரை வாங்கியவர் பின்னர் தனியே விலைகொடுத்து, பலகையைத் துளைத்து மாட்டிக்கொண்ட சாதனம். நம் நாட்டிலும் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்திலும், அவற்றுக்குப் பின் மாருதி 800 வந்த காலத்திலும், கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரம் ஏற்றி முடித்த கையோடு கார் போய் நின்ற இடம் ‘செட்’ மாட்டும் கடைதான். பிற்காலக் கார்களின் டாஷ்போர்டில் ஏறக்குறைய 18 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பொந்து இருக்கும். ஜெர்மானியர் வகுத்த அந்த அளவு உலகப் பொதுவாகிவிட்டபடியால், பெரும்பாலும் எந்தச் செட்டும் எந்தக் காருக்கும் பொருந்தியது. கம்பெனியே பாட்டும் சேர்த்துக் கொடுக்கும் சௌகரியம் பிந்தி வந்தது.

அந்தப் பொந்து இப்போது மறைந்துபோயிற்று. அதன் இடத்தில் முளைத்திருக்கும் தொடுதிரையோ, பின்புறக் கேமராவையும் ஸ்டீயரிங் பொத்தான்களையும் சில கார்களில் ஏசியையும்கூடத் தன்னோடு பிணைத்துக்கொண்டிருப்பதால், அதைப் பிடுங்க எவரும் துணிவதில்லை. ஆகவே சீர்திருத்தம் முழுவதும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் வைக்கும் சப்-ஊஃபர் என்று திரைக்கு அப்பால் இறங்கிவிட்டது. உற்பத்தியாளர்களும் இந்த ஆசையை அறியாதவர்கள் அல்லர். ஹூண்டாய் கிரெட்டாவில் போஸ் நிறுவனத்தின் எட்டு ஸ்பீக்கர்கள், மஹிந்திரா எக்ஸ்யூவி 700-இல் சோனியின் பன்னிரண்டு என்று பெயர்பெற்ற ஏற்பாடுகளை அவர்கள் தந்துதான் இருக்கிறார்கள். ஆனால் அவை உயர்ந்த வகைகளுக்கே உரியவை. நல்ல ஸ்பீக்கர் வேண்டுமென்பவர் கூரையில் திறக்கும் கண்ணாடியையும் சேர்த்தே விலைக்கு வாங்க வேண்டும்.

கம்பெனி செட்டின் குறை என்ன என்பதை நம் சங்கீதத்தைக் கொண்டே சோதிக்கலாம். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பியிருக்கும் கருஞ்சாந்து காரணமாக, சாதாரணத் தோல் வாத்தியங்களில் இல்லாத இசைவான மேல்சுரங்கள் அதில் எழுகின்றன என்பதை 1920-இல் சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார். தம்பூராவின் குதிரைமீது தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலால் அந்த நாதம் எப்படிச் செழிக்கிறது என்பதையும் அவரே ஆராய்ந்தார். ஆக, நம் கச்சேரியின் உயிர் இரண்டு கோடிகளில் இருக்கிறது: மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியின் ‘கும்’ என்ற அடித்தளம் ஒன்று, தம்பூராவின் மெல்லிய மேல்சுரங்கள் மற்றொன்று. மலிவான ஒற்றைக் காகிதக் கூம்பு இந்த இரண்டு கோடிகளையும் கத்தரித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் நமக்கு வழங்குகிறது. பாடகர் பாடுகிறார், சொற்கள் புரிகின்றன, ஆனால் அவர் சுருதிப் பெட்டி இல்லாமல் ஒரு தகரக் கொட்டகையில் அமர்ந்து பாடுவதுபோல இருக்கிறது. செய்தி கேட்கவும் வழிகாட்டும் அம்மாளின் குரலைக் கேட்கவும் இது போதும் என்பதையும் நான் மறுக்கவில்லை. எடை குறைவு, மழைக்காலத்தில் கதவுக்குள் இறங்கும் ஈரத்தைத் தாங்கும் திறம், ஒலியைக் கூட்டும்போது ஸ்பீக்கர் கிழிந்துவிடாதபடி தாழ்ந்த சுரங்களை ரகசியமாகக் குறைத்துவிடும் எச்சரிக்கை ஆகிய குணங்களும் அதற்கு உண்டு.

இந்தக் கடைசிக் குணமே பின்னால் உபத்திரவமாகிறது. செட் தானாகவே பேஸைக் குறைப்பது தெரியாமல், அதன் வெளியீட்டைப் பெரிய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால், மெதுவாக வைக்கும்போது உறுமுகிற கார், சத்தம் கூட்டினால் சோகை பிடித்துவிடுகிறது. அதைத் திருத்த டிஎஸ்பி என்ற மற்றொரு பெட்டி வேண்டியிருக்கிறது. ஒரு பெட்டி வாங்கியவன் அதன் பிழை தீர மறுபெட்டி வாங்குவதும், அது பிழையென்று மூன்றாவது வாங்குவதும் இந்த மார்க்கத்தின் இயல்பு; பூனைக்குப் பால் வேண்டிப் பசுவாங்கிய சாமியார் கதைதான்.

வாட் கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விற்பனையில் மிகுதியான மயக்கம் இங்கேதான் நடக்கிறது. அட்டையில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று கொள்வோம். நான்கு ஓம் ஸ்பீக்கருக்குச் செட்டின் உள்ளிருக்கும் சில்லு, இழப்பே இல்லாமல் செயல்பட்டாலும், சிதைவின்றித் தரக்கூடியது 26 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. நடைமுறையில் 20-க்கும் கீழே. நான்கு ஐம்பது இருநூறு என்று எண்ணிக்கொண்டு செட்டைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் 10 ஆம்பியர் ஃப்யூஸ் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்: 10-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 144 வாட்தான் உள்ளே நுழையவே முடியும், அதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். உள்ளே வராதது வெளியே எப்படிப் போகும்? மேலும் சக்தியை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபெல்தான் உயரும். காதுக்கு இருமடங்காகத் தோன்றுவதற்குச் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். நாற்பது வாட்டிலிருந்து எண்பதுக்குப் போகிறவர், செலவை இரட்டித்து, சிறு வேற்றுமையை வாங்குகிறார்.

தனி ஆம்ப்ளிஃபயர் வீண் என்று நான் சொல்லவில்லை. திடீரென எழும் ஒரு மிருதங்க அடி நசுங்காமல் வருவதற்கு அதன் கூடுதல் சக்தி பயன்படும். என் ஆட்சேபம் வரிசையைப் பற்றியது. நம் ஊரில் பணம் முதலில் டிக்கிக்குப் போகிறது, கதவுக்குப் பெரும்பாலும் போவதேயில்லை.

கதவை நெருங்கிப் பார்ப்போம். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவே செய்ய வேண்டும். ஆனால் கதவின் உட்தகட்டில், ஜன்னல் இயந்திரத்தைப் பொருத்துவதற்காகக் கையே நுழையும் அளவுக்குத் துவாரங்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். கூம்பு முன்னே தள்ளும் காற்றலையும் பின்னே இழுக்கும் அலையும் இத்துவாரங்கள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அழிவது முக்கியமாகத் தாழ்ந்த சுரமே, அதாவது நம் தொப்பி. வெளித்தகடோ, ஸ்பீக்கர் அதிர்கையில் தானும் தகரப் பீப்பாய்போல அதிர்கிறது. இதற்குப் பரிகாரம் பியூட்டைல் ரப்பர் தடவிய அலுமினியத் தாள். பொருத்துகிற பையன் முழங்கைவரை கதவுக்குள் விட்டு, வெளித்தகட்டின் உட்புறத்தைத் துடைத்து, தாளை ஒட்டி, சிறு உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறான். பின்பு துவாரங்களை அதே தாளால் மூடுகிறான். முன்கதவு இரண்டுக்கும் அரைநாள் வேலை. என் காரில் அந்த வேலை முடிந்தபின் அவன் கதவைச் சாத்தினான். முன்பு ‘டங்’ என்றிருந்தது ‘தொப்’ என்று ஆயிற்று. என் காதுக்கு அந்த நாளின் மிகப் பெரிய மாற்றம் அதுதான், இத்தனைக்கும் புது ஸ்பீக்கர் இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கப்படவில்லை. சோதனைக்காகப் பழையதையே ஒருமுறை மாட்டச் சொன்னேன். அந்த வடை காந்தமே, கெட்டித்துப்போன கதவில், தன் வயதுக்கு மீறிய கம்பீரத்தோடு பேசிற்று.

புது ஸ்பீக்கரின் பங்கு அடுத்தது. ஊஃபர் தனியே கதவின் கீழும், ட்வீட்டர் தனியே கண்ணாடி ஓரத்திலும் அமையும் ‘காம்பொனென்ட்’ வகையால், முழங்காலுக்கு அருகே கிடந்த பாடகர் எழுந்து டாஷ்போர்டின்மேல் உட்காருகிறார். ஆனால் நடுவில் அல்ல, ஓட்டுநரின் பக்கமாக. வலக்கதவு அவருக்கு அருகில், இடக்கதவு அரை மீட்டராவது அப்பால். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 செ.மீ. போவதால், வலப்புற ஒலி ஒன்றரை மில்லிசெகண்ட் முந்திக்கொள்கிறது, முந்தி வந்ததன் பக்கமே காது சாய்கிறது. வலப்புற ஒலியை அந்தச் சிறு காலம் டிஎஸ்பி தாமதப்படுத்தினால் பாடகர் நடுவுக்கு வருகிறார். இது உண்மையிலேயே ஓர் அற்புதம், நான் கேட்டு மெய்ம்மறந்திருக்கிறேன். ஆனால் ஓட்டுநருக்கென்று சரிசெய்த கணமே, அருகில் அமர்ந்திருக்கும் மனைவிக்குக் கச்சேரி முன்னைவிடக் கோணலாகிவிடுகிறது. ஒருவர் மட்டும் அமரக்கூடிய சபா அது.

டிக்கியில் வைக்கும் பெட்டிக்கும் அதன் நியாயம் உண்டு. காரின் சிறிய அறை தாழ்ந்த சுரங்களைத் தானாகவே தூக்கிக் கொடுப்பதால், எட்டு அங்குலச் சிறு சப்-ஊஃபரே அடக்கமாக வைத்தால் போதுமானது. இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் வகையும் கிடைக்கிறது. பன்னிரண்டு அங்குலத்தைப் போட்டு, முழுதும் திருகி, பக்கத்துக் காரின் கண்ணாடியையும் நடுங்கச் செய்கிறவர் சங்கீதத்துக்குச் செலவழித்தவர் அல்லர். ஆம்புலன்ஸின் ஒலியும் பின்வண்டியின் ஹாரனும் காதில் விழாத ஓட்டுநர் தமக்கும் பிறருக்கும் ஆபத்து என்பதை அதிகம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வயரிங் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கம்பெனி வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதிலாக, அந்தந்தக் காருக்கென்று விற்கும் கப்ளரைப் போட்டால், வாரன்டித் தகராறும் குறையும், விற்கும்போது பழையபடி மாற்றவும் முடியும். ஆம்ப்ளிஃபயருக்கான மின்கம்பி பாட்டரியிலிருந்து புறப்பட்ட ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இல்லையென்றால், உராய்ந்த ஓரிடத்தில் கார் தீப்பற்றக் காரணமாகலாம். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை முழுச் செம்பின் விலைக்குத் தள்ளிவிடும் கடைகளும் உண்டு. முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். மாட்டிய சாமான்களை இன்ஷூரன்ஸில் அறிவித்துச் சிறிது பிரிமியம் கூட்டிக் கட்டாவிட்டால், திருட்டுப் போனபின் புலம்பிப் பயனில்லை.

இத்தனையும் சரியாகச் செய்தபின்னும் ஓர் எல்லை இருக்கிறது. சிறிய கார் ஒன்று 80 கி.மீ. வேகத்தில் போகும்போது டயரும் காற்றும் எழுப்பும் இரைச்சல் ஏறக்குறைய 65 முதல் 70 டெசிபெல் வரை. அந்த இரைச்சலுக்கு அடியில் தம்பூரா முழுகிப்போகிறது, எவ்வளவு விலையுள்ள ட்வீட்டராலும் அதைக் கைதூக்கிவிட முடியாது. ஆலாபனையின் கடைசி இழையைக் கேட்க வேண்டிக் கூட்டினால், தனி ஆவர்த்தனம் காதைக் கிழிக்கிறது. பின் ஏன் இந்தப் பிரயாசை என்று கேட்கலாம். வீட்டில் கூடத்துக்குத் தொலைக்காட்சி சொந்தம், படுக்கையறைக்குப் பிள்ளைகளின் பரீட்சை சொந்தம். சுவருக்கு அப்பால் அடுத்த ஃபிளாட்காரர். ஒரு நடுத்தரக் குடும்பத்து மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு தன் விருப்பப்படி ஒரு ராகத்தை முழுதாகக் கேட்கக்கூடிய அறை, கிண்டிக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கார் ஒன்றுதான். அங்கே நெரிசலில் வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பது இதற்கு மட்டும் அனுகூலம்.

என் காரில் கதவு வேலையும் முன்புற ஸ்பீக்கர்களும் முடிந்ததும், பையன் தலையைச் சொறிந்துகொண்டே, “சார், டிக்கில ஒரு பன்னெண்டு இன்ச் போட்டுட்டீங்கன்னா காரே ஆடும் சார்” என்றான்.

“காரை ஆட்டுறதுக்குத்தான் வேளச்சேரி ரோட்டுல பள்ளம் இருக்கே, தம்பி. டிக்கில அரிசி மூட்டை வரணும்” என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, தன் கைபேசியிலிருந்து தாழ்ந்த ஒற்றைச் சுரம் ஒன்றை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனான். ஓரிடத்தில் ‘சர்ர்ர்’ என்று ஒரு சிணுங்கல். கதவுப் பலகையில் விரல் வைத்தான், நிற்கவில்லை. கண்ணாடித் தூணை அழுத்தினான், நிற்கவில்லை. கையுறைப் பெட்டியைத் திறந்து மூடினான். கடைசியில், டாஷ்போர்டில் பிள்ளையார்பட்டியிலிருந்து மைத்துனர் வாங்கிவந்து ஒட்டிய பித்தளைப் பிள்ளையாரின் தலையில் ஒற்றை விரலை வைத்தான், சிணுங்கல் நின்றது. அவரைப் பயபக்தியோடு பெயர்த்தெடுத்து, பீடத்துக்கு அடியில் ஒரு துண்டுக் கம்பளித் துணியைக் கத்தரித்து ஒட்டி, திரும்ப உட்கார வைத்துவிட்டு, “இப்போ கேளுங்க சார்” என்றான்.