முள் சொல்லும் சேதி

விசைப்படகில் சுக்கானுக்கு முன்னால் வட்ட வட்டமாக மீட்டர்கள். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஆயில் பிரஷர் மீட்டர். அதிலும் மின்சாரமே வேண்டாத பழைய ரகம். உள்ளே இருப்பது வளைந்த பித்தளைக் குழாய். ஒரு முனை மூடியிருக்கும். எண்ணெய் அழுத்தம் ஏற ஏற வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த மயிரிழை அசைவைக் குட்டிப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைச் சுழற்றும். பாரிஸில் யூஜின் போர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பேட்டரி செத்தாலும் முள் நிற்காது. என்ன அழகான யோசனை!

எஞ்சின் சூடேறியதும் எண்ணெய் இளகி முள் சற்றே இறங்கும், அது இயல்பு. ஓட்டத்தில் சட்டென்று விழுந்தால்தான் ஆபத்து. பேரிங்குகள் எண்ணெயின்றி உரசக்கூடும், உடனே நிறுத்திவிட வேண்டும்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியை அவ்வளவு நம்பமாட்டேன். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் முழுக்க வற்றினால் சென்சார் வெறும் காற்றில் நின்று குறைவாகக் காட்டக்கூடும். அதனால்தான் தேர்ந்த டிரைவர்கள், குளிர்விக்கும் வேலை முடிந்து படகின் பக்கவாட்டில் கொட்டும் கடல்நீரையும் எட்டிப் பார்க்கிறார்கள். தாரை மெலிந்தால் கடல்நீரை இழுக்கும் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரில் இதழ் ஒன்று பிய்ந்திருக்கலாம். அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் புதியதை மாட்டினால், அது குளிர்விப்பான் குழாய்களின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும்.