ஊற்றுக்கண் எங்கே? – சத்யஜித் ரேயை முன்வைத்துச் சில குறிப்புகள்

எம்மத்தியில் ஒரு படைப்பைப் பற்றிப் பேச்செழுந்ததும் வரும் முதற் கேள்வி, 'இது எதைப் பார்த்துச் செய்தது?' என்பதாகவே இருக்கிறது. ஒரு குறும்படத்தில் ஈரானியச் சாயல் தெரிந்தால் உடனே 'தழுவல்' என்று தீர்ப்பெழுதி விடுகிறோம். மறுபுறத்தில் விளம்பரம், நூலட்டை, எழுத்துரு என்பவற்றைக் கலையென்று ஏற்க எமக்கு மனமில்லை, அவை வயிற்றுப்பிழைப்பாம். இவ்விரு மனப்பாங்குகளும் ஒரே நம்பிக்கையிலிருந்து வருபவை: படைப்பூக்கம் தூயது, தனக்குள்ளிருந்தே ஊறுவது என்ற நம்பிக்கை. ரேயின் (1921-1992) உருவாக்கம் இந்நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்குகிறது என்பது எனது கருத்து.

1940இல் சாந்திநிகேதனில் ஓவியம் கற்கச் சேர்ந்த ரே, படிப்பை முடிக்காமலே வெளியேறி, 1943இல் கல்கத்தாவில் டி.ஜே.கீமர் என்ற பிரித்தானிய விளம்பர நிறுவனத்தில் வேலைக்கமர்ந்தார். கூடவே சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டைகளும் வரைந்தார். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர்க்கான சுருக்கப் பதிப்பும் அவ்வாறு அவர் கைக்கு வந்ததே. அதற்கு அவர் வரைந்த படங்கள் சில பின்னாளில் திரைப்படத்தின் காட்சிகளாயின. கூலிக்குச் செய்த வேலையிலிருந்து பிறந்த சினிமா அது.

1950இல் நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே பார்த்த டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948), ஸ்ரூடியோவும் பெயர்பெற்ற நடிகரும் இல்லாமல் படமெடுக்கலாம் என்ற துணிவைத் தந்தது. ஆயினும் 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யை இத்தாலியத் தழுவல் என யார் சொல்லத் துணிவார்? முழுமையான திரைக்கதைப் பிரதிக்குப் பதிலாக, காட்சி காட்சியாக வரைந்த சித்திரங்களே அவர் கையிலிருந்தன. வேலையை விடாமலே 1952 ஒக்ரோபரில் நாணற்பூ வெளியில் படப்பிடிப்பைத் தொடங்கினார். அடுத்த ஞாயிறு போனபோது மாடுகள் பூக்களைத் தின்று தீர்த்திருந்தன. மறுவருடப் பூக்காலம் வரை அக்காட்சி காத்திருந்தது.

அவரது கண்ணைப் பழக்கியவர்களுள் ஒருவர் சாந்திநிகேதன் ஆசிரியர் பினோத் பிஹாரி முகர்ஜி. மத்தியகால பக்திக் கவிஞர்களைப் பற்றிய அவரது சுவரோவியத்தை நின்ற இடத்தில் நின்று பார்த்து முடிக்க முடியாது. கண் சுவர் நெடுக நடக்க வேண்டும். சினிமாவுக்கு இதைவிட நல்ல பயிற்சி எது? 1957இல் பார்வையை முற்றாக இழந்த பின்பும் முகர்ஜி கடதாசி வெட்டி ஒட்டினார், பீங்கான் ஓடுகளால் சுவரோவியம் அமைத்தார். மாணவர் அவரைப் பற்றி 1972இல் 'த இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஓவியத்திலிருந்து சினிமாவுக்குப் போனது, சினிமா வழியாக ஓவியத்துக்குத் திரும்பியது.

ரேயின் பாட்டனார் உபேந்திரகிஷோர் அச்சுக்கலை வல்லுநர், தந்தை சுகுமார் புகழ்பெற்ற எழுத்தாளர், இந்தப் பின்னணி எமக்குண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உழைத்தால் எவரும் ரே ஆகலாம் என்பது பொய். ஆனால் அப்பின்னணி அவருக்குக் கொடுத்தது, கைவேலையை இழிவாகக் கருதாத ஒரு பார்வையை. அதைப் பெறப் பரம்பரை தேவையில்லை.

ஒருகாலத்தில் விரிவுரையாளனாக இருந்த நான் இன்று அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வேலைத்தலத்தில் கழியும் எட்டு மணிநேரம் படைப்புக்கு இறந்த நேரம் என நண்பர்கள் எழுதுகிறார்கள். களைப்பு உண்மை, இரவுவேலை செய்த எவனும் அதை மறுக்கமாட்டான். ஆனால் ஒரு தட்டை அட்டை நாலு மடிப்பில் பெட்டியாவதும், அச்சில் ஒரு நிறம் மயிரிழை விலகினால் கண்ணில் உறுத்துவதும் வடிவம் பற்றிய அறிவல்லவா? எமது புகலிட எழுத்தில் இயந்திரம் முறைப்பாடாக மட்டுமே வருகிறது. அதன் தாளமோ, அது கைகளுக்குக் கற்றுத்தந்ததோ வருவதில்லை. தொழிலாளரைப் பற்றி ஓயாது விவாதிக்கும் நாம், எமது உழைப்பையே பார்க்க மறுக்கிறோம்.

எமது சஞ்சிகைகளையும் நூல்களையும் விமர்சிக்கும்போது, அட்டையை வரைந்தவர் யார், பக்கங்களை அமைத்தவர் யார் என்று ஒரு வரிகூட நாம் எழுதுவதில்லை. முதலில் அதை எழுதத் தொடங்குவோம்.