தோட்டமும் ஆய்வு நூல்களும்: பகாவிலிருந்து ஒரு நோக்கு

வளரும் நாடுகளின் அரசியலையும் சமூக மாற்றத்தையும் ஆராய்வோர் பெரும்பாலும் தலைநகரில் தொடங்கித் தலைநகரிலேயே முடித்துவிடுவர். கட்சி, தேர்தல், அமைச்சரவை, ஐந்தாண்டுத் திட்டம் ஆகியவையே அவர்தம் நோக்கில் அரசியல். மலேசியத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் இக்குறையை ஓரளவு கடந்தவை; அவை தோட்டத்துக்குள் நுழைந்தன. நுழைந்து எவற்றைக் கண்டன, எவற்றைக் காணாது விட்டன என்று எடைபோட, நெகிரி செம்பிலானின் உட்பகுதியிலுள்ள பகாவ் தக்கதோர் உரைகல்லாகும்.

கர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட நூல், 1786 முதல் 1957 வரை இந்தியர் மலாயாவில் குடியேறிய வரலாற்றை விரிவான புள்ளிவிவரங்களுடன் நிறுவியது. பின்வந்தோர் அனைவருக்கும் அதுவே அடித்தளம். ஆயினும் அதில் தொழிலாளி ஓர் எண்ணாகவே நிற்கிறான். 1970இல் வெளிவந்த சின்னப்பா அரசரத்தினத்தின் நூல் அந்த எண்களுக்குச் சமூகம், சமயம், கல்வி, அரசியல் என்னும் உடலைத் தந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ரவீந்திர ஜெயினின் நூலோ, ஒரே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தங்கி, உறவுமுறையையும் தலைமையையும் தொழிற்சங்கத்தையும் நுணுகி நோக்கியது. தொழிலாளர் குடும்பத்தை அவ்வளவு அருகிலிருந்து பார்த்தமை அந்நூலின் பெருமை. ஆனால் தோட்டத்தின் வேலியே ஆய்வின் வேலியாகவும் அமைந்துவிடும் ஆபத்து இம்முறைக்கு உண்டு. மேலும், மாற்றுப்பெயர் சூட்டப்பெற்ற அத்தோட்டத்தின் மக்கள், தம் கதை எழுதப்பட்டிருப்பதை எங்ஙனம் அறிவர்? ஆய்வு நெறி காத்த அடக்கம், அம்மக்களைத் தம் வரலாற்றிலிருந்தே மறைத்தும்விட்டது.

மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் வர்க்கத்தையும் இனத்தையும் காலனியாட்சியையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தார். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தங்களில் கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கும் கோரிக்கையும் எழுந்தது. வயிற்றுக்கான போராட்டம் மானத்துக்கான போராட்டமாகவும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. வர்க்கம் என்ற சொல்லுக்குள் அடங்காத சாதியுணர்வை இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984இல் எடுத்துக்காட்டினார். மூலதனம், தொழிற்சங்கம், அரசு ஆகிய மூன்றின் பிணைப்பை பி. இராமசாமி 1994இல் ஆராய்ந்தார். வெளியார் நோக்கிய பொருளைத் தமிழரே ஆராயத் தொடங்கியது இங்கு கருதத்தக்க மாற்றம்.

இனி உரைகல்லுக்கு வருவோம். பகாவ் அமைந்துள்ள ஜெம்போல் மாவட்டத்தில் ஜெராம் பாடாங், கெடிஸ் போன்ற தோட்டங்கள் ஒருபுறம். பாலோங், செர்த்திங் முதலிய ஃபெல்டா நிலக்குடியேற்றங்கள் மறுபுறம். 1956இல் தோன்றிய ஃபெல்டாவின் குடியேறிகளுள் பெரும்பான்மையினர் மலாய்க்காரர். இருபுறமும் பயிர் ஒன்றே, மழை ஒன்றே, உழைப்பும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஃபெல்டாக் குடும்பத்துக்கு நிலம் தன்னுடையதாகும் வழி வகுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கோ வேலை முடிந்த அன்றே லயத்து வீடும் முடிந்தது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மக்களின் குணம் அன்று, கொள்கையே. ஃபெல்டாக் குடியேறிகளும் வறுமையிலிருந்து வந்தோரே. அவர்கள் பெற்றது குறையன்று. அதே வறுமையிலிருந்த அண்டையார்க்கு அது எட்டாமற்போனதே குறை. கள்ளையும் முயற்சியின்மையையும் காட்டித் தமிழரின் பின்னடைவை விளக்குவோர் பகாவ்ச் சாலையின் இருமருங்கையும் பார்த்தல் நலம்.

தோட்டத் துண்டாடலை ஆராய்ந்த உங்கு அஸிஸின் அறிக்கை 1962இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1960இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் காசைத் திரட்டித் தோட்டம் வாங்கிய இம்முயற்சி போற்றற்குரியது. எனினும், ஒரு சாராருக்கு அரசு திட்டமாகத் தந்ததை மற்றொரு சாரார் சேமிப்பால் தேட வேண்டியிருந்தது என்பதையும் அது காட்டுகிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. 1943இன் இறுதி முதல் சிங்கப்பூரின் யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் பகாவில் குடியேற்றப்பட்டு மலேரியாவுக்குப் பலியாயினர். அத்துயரம் நினைவுக் குறிப்புகளாகவும் நூல்களாகவும் நிலைபெற்றுள்ளது, அது முறையே. அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழருள் மிகப் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. எழுதத் தெரிந்தோர் துயரம் வரலாறாயிற்று. எழுதத் தெரியாதோர் துயரம் ஒப்பாரியாகவே நின்றது.

ஆங்கில நூல்களின் குறை உழைப்பின் குறையன்று, சான்றின் குறை. காலனி ஆவணங்களில் துரையின் குரலே ஓங்கி ஒலிக்கும். தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேடு, கோயிற் கணக்கு, சங்கக் கிளைக் கூட்டக் குறிப்பு, பால்வெட்டிய பெண்களின் வாய்மொழி ஆகியவை இன்னும் முழுமையாக ஆராயப்படவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. லயங்களோடு இச்சான்றுகளும் அழிகின்றன. அவற்றைத் திரட்டும் பணி தமிழ் எழுத்தாளருக்கும் உரியது. அடுத்த நூல் எம்மொழியில் எழுதப்பட்டாலும், தோட்டத்து மக்கள் தம் ஊரின் பெயரையும் தம் பெயரையும் அதில் கண்டுகொள்ள வேண்டும். அதுவே அந்நூலின் தகுதிக்கு அளவுகோல்.