ஊர் வைத்த குறை

வல்லமையான நாயகனுக்கு ஏதோ ஒரு குறையை ஒட்டவைத்தால் மனுசனாகிவிடுவான் என்பது இருண்ட மாயக்கதைக்காரர்களின் சூத்திரம். அந்தக் குறை எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் என்.கே. ஜெமிசின் ‘தி ஃபிஃப்த் சீசன்’ (2015) நாவலில் இதைத்தான் கேட்கிறார்.

எஸ்ஸுன் நிலநடுக்கத்தை அடக்கத் தெரிந்தவள். அந்தச் சக்தியால்தான் நாடே நிற்குது. ஆனாலும் அவள் இனத்துக்குக் கிடைப்பது வசவுப் பேருதான். சிறுமியாயிருக்கும்போதே காவலன் கையை ஒடித்துப் பழக்குகிறான். காவலர்கள் மறுபடி வந்தபோது, அடிமையாக வளரவேண்டாமென்று பெத்த பிள்ளையைத் தானே கொல்கிறாள். பிறகு, ஊர்வாசலில் தன்மேல் அம்பு விட்டதற்கு ஊரையே அழிக்கிறாள்.

ஜெமிசின் எதையும் மழுப்பவில்லை. அவள் கை ஒடிந்ததையும் சொல்கிறார், அவள் கையால் செத்தவர்களையும் காட்டுகிறார்.

ஒடுக்கப்பட்டவர்களை அப்பாவிகளாக மட்டுமே எழுதினால் இரக்கம்தான் கிடைக்கும், தோழர்களே. இரக்கத்தை வச்சு என்ன செய்ய?