குறிப்பால் அறியும் தந்தையர்: தன்பாலீர்ப்புடைய பிள்ளைகளும் முதிய பெற்றோரும்

களவொழுக்கம் வெளிப்படும் முறையைத் தொல்காப்பியர் களவியலில் விளக்குமிடத்து, தலைவியின் தந்தையும் தமையன்மாரும் அதனை நேர்ச்சொல்லால் அன்றி முன்னத்தால், அதாவது குறிப்பால், உணர்வர் என்கிறார். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் என அறத்தொடு நிற்றல் படிப்படியாக நிகழும் என்பதை இளங்கலை முதலாண்டு மாணவரும் தடையின்றிச் சொல்வர். ஆயின், அவ்வரிசையின் கடைசிப் படியில் நிற்கும் தந்தையைப் பற்றி நாம் வகுப்பறையில் அதிகம் பேசுவதில்லை. செய்தி அவரை எட்டும்போது அவர் முன்பே அறிந்தவராக இருக்கக்கூடும். அறிந்தும் அறியாதவர்போல் இருந்திருக்கவும் கூடும். குறிப்பால் அறிந்தவர்க்கு ஒரு வசதி உண்டு. தாம் அறிந்ததை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இவ்வசதியின் விலை என்ன, அதை யார் செலுத்துகின்றனர் என்பதே இக்கட்டுரையின் வினா. தன்பாலீர்ப்புடைய நடுவயதுப் பிள்ளைகளுக்கும் முதிய பெற்றோருக்கும் இடையிலான உறவைச் சித்திரிக்கும் இரு திரைப்படங்கள் இங்கு முதன்மையாக நோக்கப்படுகின்றன. ஒன்று, ஆங் லீ இயக்கி 1993இல் வெளிவந்து, அவ்வாண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்ட 'தி வெட்டிங் பேங்குவெட்'. மற்றொன்று, ஜியோ பேபி இயக்கத்தில் 2023 நவம்பரில் வெளிவந்த 'காதல்: தி கோர்' எனும் மலையாளப் படம். தொல்காப்பியத்தில் தன்பாலீர்ப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது என் நோக்கமன்று. அத்தகைய தேடல்கள் பெரும்பாலும் நூலுக்கும் நீதி செய்வதில்லை, மனிதர்க்கும் நீதி செய்வதில்லை. பிள்ளையின் காதலைப் பெற்றோர் அறியவரும் முறையைப் பற்றி நம் இலக்கணம் நுட்பமாகச் சிந்தித்திருக்கிறது. அச்சிந்தனை இப்படங்களை வாசிக்கப் பயன்படுகிறது என்பது மட்டுமே என் கருத்து.

'தி வெட்டிங் பேங்குவெட்' படத்தின் கதை எளிது. தைவானிலிருந்து அமெரிக்கா வந்து நியூயார்க்கில் வீடுகளை வாடகைக்கு விட்டு வாழும் வெய் துங், சைமன் எனும் அமெரிக்கருடன் இணைந்து வாழ்கிறான். தைவானில் உள்ள பெற்றோர் திருமணத்துக்கு நெருக்குகின்றனர். குடியுரிமைச் சிக்கலில் இருக்கும் வெய் வெய் எனும் ஓவியப் பெண்ணை, சைமனின் யோசனைப்படி, அவன் பெயரளவில் மணக்கிறான். பெற்றோர் விமானமேறி வந்துவிடுகின்றனர். பதிவு அலுவலகத்தில் நடந்த சுருக்கமான திருமணம் அவர்களுக்கு வருத்தமளிக்க, தந்தையின் பழைய ஓட்டுநர் ஒருவர் தம் உணவகத்தில் பெருவிருந்து ஏற்பாடு செய்கிறார். அவ்விரவு நடந்ததன் விளைவாக வெய் வெய் கருவுறுகிறாள்.

தந்தை காவ், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. வாதநோய் கண்டு தேறியவர். அவருடைய உடல்நிலையே மகன் வாய்திறக்காததற்கான முதற்காரணம். கேட்டால் அப்பா தாங்கமாட்டார் என்பது நம் வீடுகளிலும் நாம் கேட்டுப் பழகிய வாக்கியந்தான். படத்தின் நடுப்பகுதியில் அவருக்கு மீண்டும் வாதம் கண்டு மருத்துவமனையில் கிடக்கும்போது வெய் துங் தாயிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். தாய் அழுது ஓய்ந்தபின் விதிக்கும் நிபந்தனை ஒன்றே: அப்பாவுக்குத் தெரியக்கூடாது. நற்றாய் தந்தைக்கு உணர்த்த வேண்டிய படியில் சங்கிலி அறுகிறது.

அறுந்த இடத்தில்தான் படத்தின் மிகச்சிறந்த காட்சி பிறக்கிறது. நடைப்பயிற்சியின் இடையில் அமர்ந்திருக்கும் முதியவர், சைமனின் கையில் ஒரு சிவப்பு உறையைத் தருகிறார். அன்று சைமனின் பிறந்தநாள். நம் நாட்டுச் சீன நண்பர்கள் பெருநாளில் தரும் அங்பாவ்தான் அது. அதுவரை ஆங்கிலம் தெரியாதவராகவே நடமாடிய அவர், ஆங்கிலத்தில் பேசுகிறார். பார்த்தும் கேட்டும் எல்லாம் அறிந்துகொண்டதாகவும், சைமனும் தமக்கு மகன் போன்றவனே என்றும் சொல்கிறார். மனைவிக்கும் மகனுக்கும் இது தெரியவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார். எல்லாரும் தம்மிடம் பொய் சொல்ல அனுமதித்திராவிட்டால் தமக்குப் பேரப்பிள்ளை கிடைத்திருக்குமா என்பது அவருடைய வாதம்.

இக்காட்சியைப் பெருந்தன்மையின் காட்சியாகக் கொள்வோர் உளர். நானும் முதன்முறை பார்த்தபோது அவ்வாறே கொண்டேன். அவர் சைமனை ஏற்பது உண்மை. மருமகள் சமைத்ததாகச் சொல்லப்படும் உணவை உண்மையில் சமைப்பவன் யார் என்பதையும் அந்தக் கண்கள் கவனித்திருக்கும். எனினும் அவருடைய மௌனம் ஓர் அன்பு மட்டுமன்று, ஒரு கணக்கும் ஆகும். மகனின் பொய்யை அவர் தண்டிக்கவில்லை, பயன்படுத்திக்கொள்கிறார். அந்தக் கணக்கில் வெய் வெய்யின் உடல் எங்கே வருகிறது என்று அவர் கேட்பதில்லை. படமும் மிகச் சிறிது நேரமே கேட்கிறது. குழந்தையைப் பெற்றுக்கொள்வது என்ற அவளுடைய முடிவு, மூவரும் சேர்ந்து வளர்க்கும் ஏற்பாடாக விரைவில் இனிமையாக்கப்பட்டுவிடுகிறது. இறுதியில் விமான நிலையச் சோதனையில் முதியவர் இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் காட்சியைச் சரணாகதி என்று பலர் விளக்குவர். கேட்டதைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பும் ஒருவரைச் சரணடைந்தவர் என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

வெய் வெய் கேட்காமல் விட்ட வினாவை முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஓமனா கேட்கிறாள். 'காதல்: தி கோர்' படத்தில் ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி அதிகாரி மேத்யூ தேவசி (மம்முட்டி), உள்ளாட்சி இடைத்தேர்தலில் இடதுசாரி வேட்பாளராக நிற்கிறார். அதே வேளையில் அவர் மனைவி ஓமனா (தமிழ்ப் பார்வையாளர்க்கு நன்கறிமுகமான ஜோதிகா) மணவிலக்குக் கோரி வழக்குத் தொடுக்கிறார். கணவர் தன்பாலீர்ப்புடையவர், தங்கன் என்பவருடன் அவருக்கு உறவுண்டு என்பது காரணம். வழக்கு நடக்கும் காலத்திலும் ஓமனா அதே வீட்டில்தான் வாழ்கிறார். மாமனார் தேவசியையும் கவனித்துக்கொள்கிறார். எதிர்வழக்காடும் கணவனும் மனைவியும் முதிய தந்தையும் ஒரே உணவு மேசையைப் பகிரும் இந்த ஏற்பாடே படத்தின் உயிர்.

தேவசி பாத்திரத்தை ஏற்றுள்ள ஆர்.எஸ். பணிக்கர் படத்தின் பெரும்பகுதியில் ஏறத்தாழப் பேசுவதே இல்லை. காவின் மௌனத்தில் ஒரு விளையாட்டு இருந்தது. தேவசியின் மௌனத்தில் அது இல்லை. மகனின் இயல்பை இளமையிலேயே அறிந்தவர் அவர். திருமணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி மணமுடித்து வைத்தவர். இருபது ஆண்டுகளாக ஒரு பெண் தன் கண்ணெதிரே தனித்து வாழ்வதைக் கண்டுகொண்டிருந்தவர். இறுதியில் அவர் நீதிமன்றத்தில் பேசுகிறார். மகனுக்காக அன்று. மருமகள் கூறுவது உண்மை என்கிறார்.

இங்குதான் அறத்தொடு நிற்றல் என்ற கருத்தாக்கம் ஒளி தருகிறது. அகப்பாடல்களில் அது எப்போது நிகழ்கிறது என்பதை நினைவுகூர வேண்டும். இற்செறிப்பு மிகும்போது, வெறியாட்டு எடுக்கும்போது, நொதுமலர் பெண்கேட்டு வரும்போது தோழி உண்மையை வெளிப்படுத்துகிறாள். பிறரோடு நிகழவிருக்கும் மணத்தைத் தடுப்பது அதன் அவசர நோக்கங்களுள் ஒன்று. அறத்தொடு நிற்றலுக்கு உரிய காலம் ஒன்று உண்டு. அது மணத்துக்கு முந்தியது. தேவசி அந்தக் காலத்தைத் தவறவிட்டவர். அவருடைய சாட்சியம் உண்மையானது, ஆயினும் இருபது ஆண்டுகள் பிந்தியது. இழந்த அந்த ஆண்டுகள் மேத்யூவுடையவை மட்டுமல்ல. ஓமனாவும் தன் இளமையை அவ்வீட்டில்தான் கழித்தார். மணவிலக்கு தமக்காக மட்டுமன்று, மேத்யூவுக்காகவும்தான் என்னும் நிலைப்பாட்டை ஓமனா எடுக்கும்போது, தோழியின் பணியை மனைவியே செய்யவேண்டி வந்த அவலம் புலப்படுகிறது. தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு அழும் காட்சி பார்வையாளரைக் கலங்கவைக்கிறது என்பதில் ஐயமில்லை. அக்கண்ணீரில் பாதி மருமகளுக்கு உரியது என்பதைப் படம் மறக்கவில்லை. இதுவே இப்படத்தை ஆங் லீயின் படத்தினும் நேர்மையானதாக்குகிறது எனலாம்.

குறை ஒன்றும் உண்டு. தங்கன் எங்கே? மேத்யூவும் தங்கனும் உரையாடும் காட்சிகள் மிக அரிது. பெரும்பாலும் பார்வைகளோடு நின்றுவிடுகின்றன. தேவசியின் வீட்டில் தங்கனுக்கு இடமில்லை. சைமனுக்குக் கிடைத்த சிவப்பு உறைகூட அவனுக்குக் கிடைப்பதில்லை. மகனை ஏற்றுக்கொள்ளும் முதியவர், மகனின் துணைவனை ஏற்பாரா என்ற வினாவைப் படம் கவனமாகத் தவிர்க்கிறது. கேரளத்தின் பேரளவுப் பார்வையாளரையும் மம்முட்டி என்ற நடிகரின் பிம்பத்தையும் எண்ணிச் செய்த சமரசமாக இது இருக்கலாம். 2018 செப்டம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமென்னும் நிலையிலிருந்து நீக்கியது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது. படம் வெளிவந்தது அதற்கு அடுத்த மாதம். மகன் குற்றவாளி அல்லன், ஆனால் அவனுடைய துணைவன் உறவினனும் அல்லன் என்ற சட்டநிலையைப் படத்தின் அமைப்பும் அப்படியே பிரதிபலிக்கிறது.

துணையை என்ன முறை வைத்து அழைப்பது என்பது சிறிய சிக்கலன்று. மாமனார், மாமியார், மருமகன், மருமகள், சம்பந்தி எனத் திருமணத்தின் வழியே உறவை விரிக்கும் மொழி நம்முடையது. அவ்வழி அடைபட்டால் எஞ்சுவது 'தோழி', அல்லது நம் நாட்டுப் பேச்சில் 'கூட்டாளி'. ஹாங்காங் இயக்குநர் ரே யெங்கின் 'ஆல் ஷல் பி வெல்' (2024) இந்தச் சொற்பஞ்சத்தின் விளைவைக் காட்டும் படம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இணைந்து வாழ்ந்த ஏஞ்சி, பாட் ஆகிய இரு மூதாட்டியருள் பாட் திடீரென இறக்கிறார். பாட்டின் அண்ணன் குடும்பம் ஏஞ்சியிடம் அன்புள்ள குடும்பந்தான். விழா நாளில் இருவரின் வீட்டில் கூடி உண்டவர்கள்தாம். பாட் உயில் எழுதவில்லை, வீடு பாட்டின் பெயரில் இருக்கிறது. அந்த அன்பு சில வாரங்களில் தேய்ந்துபோகிறது. கடலில் அஸ்தி கரைக்கப்பட வேண்டும் என்பது பாட்டின் விருப்பம் என ஏஞ்சி சொல்ல, குடும்பமோ அஸ்தி மாடத்தில் வைக்க முடிவெடுக்கிறது. முடிவெடுக்கும் உரிமை உறவினர்க்கு. ஏஞ்சி அவர்கள் வாயில் நெருங்கிய தோழியாகிவிடுகிறார். அவர்களைக் கொடியவர்களாகக் காட்டாமல், வீட்டு நெருக்கடியில் தவிக்கும் எளியவர்களாகக் காட்டியதில் இயக்குநரின் முதிர்ச்சி தெரிகிறது.

இச்சிக்கல் நமக்குத் தொலைவில் இல்லை. சிங்கப்பூரில் 1995இல் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டம், தம்மைப் பேண இயலாத அறுபது வயது கடந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர வழிசெய்கிறது. பிள்ளை யாருடன் வாழ்கிறான் என்று அச்சட்டம் கேட்பதில்லை. 2022இல் அந்நாட்டு நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்கியது. உடன்நிகழ்வாகத் திருமணத்தின் வரையறையைக் காக்கும் அரசமைப்புத் திருத்தத்தையும் நிறைவேற்றியது. ஆக, கடமைக்குப் பிள்ளை முழுமையாக உரியவன். அவனுடைய வீட்டில் பெற்றோரைத் தூக்கி அமர்த்தி உணவூட்டும் மற்றவருக்குப் பெயரில்லை. மலேசியாவில் தண்டனைச் சட்டத்தின் நிலை வேறு என்பதால் அம்மற்றவர் வீட்டில் இருப்பதே வெளியே பேசப்படாத செய்தியாகிறது.

தமிழ்க் குடும்பங்களைக் களமாகக் கொண்ட ஆக்கங்களில் எஸ்.ஜே. சிந்து ஆங்கிலத்தில் எழுதிய 'மேரேஜ் ஆஃப் எ தௌசண்ட் லைஸ்' (2017) நாவல் தனித்து நோக்கத்தக்கது. அமெரிக்காவில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பெண் லக்கியும் அவள் கணவன் கிருஷ்ணாவும் இருவருமே தன்பாலீர்ப்புடையவர்கள். குடும்பங்களின் அமைதிக்காகத் தம்முள் மணந்தவர்கள். பாட்டி விழுந்து அடிபட, அவரைக் கவனிக்க லக்கி தாய் வீடு திரும்புகிறாள். அங்கே அவளுடைய முதற்காதலி நிஷாவுக்கு மணம் பேசி முடித்திருக்கிறார்கள். நொதுமலர் வரைவு! அறத்தொடு நிற்க ஒரு தோழி இல்லை. தோழியே காதலியாக இருக்கையில் யார் யாரிடம் போய்ச் சொல்வது? 2025இல் வெளிவந்த 'காதல் என்பது பொதுவுடைமை' எனும் தமிழ்ப் படத்தில் மகளின் காதலை வரவேற்கும் தாய் (ரோகிணி), காதலுக்குரியவர் ஒரு பெண் என்று அறிந்ததும் தடுமாறுகிறார். இயக்குநர் ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணன் 2023இல் எடுத்த 'தலைக்கூத்தல்' நினைவற்றுக் கிடக்கும் முதிய தந்தையைக் காக்கும் மகனைப் பற்றியது. இவ்விரண்டு படங்களையும் ஒரே கதையாக இணைத்துப் பார்க்கும் துணிவு அவருக்கே வரக்கூடும்.

வாழ்க்கையிலிருந்து ஒரு முன்மாதிரியும் உண்டு. 2013 டிசம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவைச் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, இந்திய மாநில உயர்நீதிமன்றம் ஒன்றின் முதற்பெண் தலைமை நீதிபதியாக விளங்கிய லீலா சேத், தம் மகனும் எழுத்தாளருமான விக்ரம் சேத்தை முன்னிறுத்தி அதைக் கண்டித்து நாளிதழில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 83. பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்று பிள்ளைகள் அஞ்சும் வயது அது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், பெற்றோரின் பிடியிலிருந்த ஓர் இளம்பெண்ணைத் தன் துணைவியுடன் செல்ல அனுமதித்த தீர்ப்பில் அத்தாயின் பெயரை நினைவுகூர்ந்தது. எல்லாப் பெற்றோரும் லீலா சேத் அல்லர் என்ற பொருளில்தான். திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழி அன்று என்றும் அத்தீர்ப்பு கூறியது. வழக்குத் தொடுத்தவர் அந்தத் துணைவி. ஆவணத்தில் அவரைக் குறிக்க இருந்த சொல் 'தோழி' என்பதற்கு மேல் அதிகமில்லை.