சாயாத தராசு

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்கப் போயிருந்தேன். கதை எழுதுகிறவனைக் கூப்பிட்டால் கதையைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று எண்ணிப் போனேன். அங்கே இளைஞர்கள் ஒரு விவாதத்தை ஏற்பாடு செய்து, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். "போரிடும் இரு நாடுகளுக்கும் ஆயுதம் தர மறுப்பது நடுநிலைமை ஆகுமா?" என்பது விஷயம்.

ஆகும் என்று பேசிய வாலிபர் கெட்டிக்காரர். ஆயுத வியாபாரிகள் முதல் உலக யுத்தத்தில் அடித்த கொள்ளையைக் கண்டு வெறுத்துத்தான் 1935-ல் அமெரிக்கா நடுநிலைமைச் சட்டம் செய்தது என்றார். திருக்குறளில் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு, வள்ளுவர் அங்கே தராசையல்லவா உவமை சொன்னார், தராசைப் போல எந்தப் பக்கமும் சாயாதிருப்பதே அறம் என்று முடித்தார். நல்ல கைதட்டல்.

ஆகாது என்று பேசியவர் ஸ்பெயினைக் காட்டினார். அந்த உள்நாட்டுப் போரில் தலையிடுவதில்லை என்று 1936-ல் ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்டன. ஜெர்மனியும் இத்தாலியும் அதற்குச் சம்மதம் சொல்லிக்கொண்டே பிராங்கோவுக்கு விமானங்களையும் சிப்பாய்களையும் அனுப்பின. வாக்கைக் காப்பாற்றியவர்களின் நடுநிலைமை, காப்பாற்றாதவர்களுக்குத்தான் பயன்பட்டது என்றார். அதற்கும் கைதட்டல்.

நான் எழுந்து, இரு சாராரும் அருமையாகப் பேசினார்கள் என்று சொல்லி, பரிசைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

விழா முடிந்ததும் பக்கத்துத் தெருவில் எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர் வீட்டில் காபி. எண்பதைத் தொட்டவர். தறிக் குழியில் இறங்குவதை விட்டுவிட்டார். விழாவை மட்டும் தவறவிடுவதில்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எதை வச்சாலும் சாயாம நிக்கிற தராசை நாங்க தராசுன்னு சொல்லமாட்டோம் தம்பி. காயலான் கடையிலே போட்டுடுவோம்."

தராசைப் பற்றிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பட்டையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்கி, நெய்த சேலையை எடை போட்டுத் திருப்பிக் கொடுத்தே ஆயுள் கழிந்தது அவருக்கு. வெறுந்தட்டாக இருக்கும்போது சமமாக நிற்க வேண்டும். சரக்கை வைத்தால் உள்ளபடி சாய வேண்டும். வள்ளுவர் சொன்னதும் இதே வரிசையில்தான். முதலில் சமன், பிறகு நிறுத்தல். வாலிபர் முன்பாதியை எடுத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார். நிறுக்காத தராசைப் புகழ வள்ளுவருக்கு என்ன அவசியம்?

இந்த அரைகுறை வாசிப்பு மேடையோடு போனால் பாதகமில்லை. ராஜ்யங்களும் இப்படித்தான் வாசிக்கின்றன. 1965 செப்டம்பரில் நமக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டபோது, அமெரிக்கா இருவருக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஆட்களை ஊடுருவ விட்டது யார் என்று நிறுத்துப் பார்க்காமலே தட்டுகளைச் சமமாக்குகிறார்களே என்று இங்கே கோபம். அது நியாயமான கோபம். ஆனால் நம் தட்டில் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1954 ஒப்பந்தத்துக்குப் பிறகு பாகிஸ்தான் படை, பாட்டன் டாங்கியும் சேபர் விமானமுமாக அமெரிக்காவையே பெரிதும் நம்பியிருந்தது. நம்மிடம் பிரிட்டன், பிரான்ஸ், ருஷ்யா என்று பல வீட்டுச் சரக்கு. காகிதத்தில் சமமாக இருந்த தடை களத்தில் அவர்களைத்தான் அதிகம் கடித்தது. அதை அவர்கள் துரோகம் என்றார்கள். சமமான தடையால் இரண்டு பேரும் மனம் கசந்ததுதான் மிச்சம்.

1971-ல் நடந்தது வேறு. மார்ச் 25 இரவு கிழக்கு வங்காளத்தில் ராணுவம் தன் பிரஜைகள் மீதே பாய்ந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். பாகிஸ்தானுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்திவைத்திருப்பதாக அமெரிக்க சர்க்கார் சொன்னது. ஆனால் பழைய லைசென்ஸின் பேரில் தளவாடங்கள் கப்பலேறிக்கொண்டிருந்ததை ஜூன் மாதம் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. ஜூலையில் பால்டிமோர் துறைமுகத்துக்கு 'பத்மா' என்ற பாகிஸ்தான் கப்பல் வந்தபோது, அவ்வூர்க்காரர்கள் சிலர் துடுப்புப் படகுகளில் போய் அதை மறிக்கப் பார்த்தார்கள். போலீஸார் அவர்களைக் கைது செய்தார்கள்.

அவர்கள் கேட்டதும் ஆயுதத் தடைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே தடை எப்போதும் தவறு என்று நான் வாதிடவில்லை. கொல்லுகிறவன் கையையும் சாகிறவன் கையையும் பார்த்த பிறகு, இவனுக்குக் கொடுக்காதே என்றார்கள் அவர்கள். அது நிறுத்துப் பார்த்தவர்களின் தடை. நிறுக்காமலே இருவருக்கும் இல்லை என்பது, ஏற்கெனவே வைத்திருப்பவனுக்குக் கொடுப்பதற்குச் சமானம்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இதற்கு உதாரணம் தேடி வெளியே போகவேண்டாம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது வந்த ஔவைக்கு, அவன் தன் ஆயுதசாலையைச் சுற்றிக் காட்டினான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அப்போது பிறந்தது. உன் ஆயுதங்கள் அலங்காரமாக, பளபளப்பாக, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வதுபோலப் பழித்தது என்று அணிப் பெயர் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் முடித்துவிடுகிறோம்.

எனக்கு அந்தப் பாட்டில் சாமர்த்தியத்தைவிட நேர்மைதான் பெரிதாகத் தெரிகிறது. ஔவை சமாதானத்துக்கு வந்தவள். அதற்காகத் தான் யார் பக்கம் என்பதை அவள் மறைக்கவில்லை. இரண்டு கொட்டிலையும் அறிந்து, கண்டதைக் கண்டபடி சொல்கிறாள். யுத்தம் இருவருக்கும் கெடுதி என்ற பொதுவான உபதேசத்தை அவளும் செய்திருக்கலாம். தொண்டைமான் சந்தோஷமாகக் கேட்டுவிட்டு மறந்திருப்பான்.

இனி, என் சமாசாரம். சில வருஷங்களுக்கு முன் கூலித் தகராறை வைத்து ஒரு நாவல் எழுதினேன். நெசவாளிக்கு எத்தனை பக்கமோ, முதலாளிக்கும் அத்தனை பக்கம். நடுநிலைமை தவறாத நாவல் என்று மதிப்புரைகள் வந்தன. நானும் அதை நம்பிப் பெருமைப்பட்டேன். அன்று காபி குடித்து எழுந்திருக்கும்போது, அதைப் படித்தீர்களா என்று பெரியவரைக் கேட்டேன்.

"படிச்சேன். நல்லா இருந்தது" என்றார். சற்றுப் பொறுத்து, "கடைசி வரைக்கும் எடையே போடலியே தம்பி" என்றார்.

நாவலுக்கு இரண்டாம் பதிப்புக் கேட்டிருக்கிறார்கள். அப்படியே அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.